மூன்று கால் முயல்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கும் மனிதர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களாவது முயலை நேரில் பிடித்தவர்கள். காலை எண்ணுவதிலேதான் தகராறு. முயலைப் பிடிக்காமலே காகிதத்தில் ஓடவிட்டு, ஒன்றைப் பத்தாக்கிப் பத்தை நூறாக்கிக் காட்டும் கெட்டிக்காரர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய முயலுக்கு நாலு கால் போதாது. நாற்பது கால் வேண்டும்! அப்படிப்பட்ட கணக்கு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் என் நண்பர் ஒருவர் சென்ற தை மாதத்தில் என்னையும் அழைத்துக்கொண்டு உத்திரமேரூருக்குப் புறப்பட்டார்.

நண்பர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் உத்திரமேரூரை அடுத்த ஒரு சிற்றூர். அங்கே ஒரு பழைய வீடும், கிணறும், பத்துப் பன்னிரண்டு தென்னையும் உண்டு. ஓய்வு பெற்றபோது மொத்தமாக ஒரு தொகை வந்தது. அதில் இளைய மகளின் கல்யாணச் செலவும் அடங்கியிருந்தது. இந்தச் சமயத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அச்சடித்த துண்டுக் காகிதம் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். "ஏழு பெண் முயல், மூன்று ஆண் முயல், ஆகப் பத்துக் கொண்டது ஒரு யூனிட். ஈற்றுக்கு எட்டுக் குட்டி. ஆண்டுக்கு ஆறு ஈற்று. குட்டிகளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்று அதில் கண்டிருந்தது. நண்பர் ஐந்து யூனிட் எடுப்பதாகத் தீர்மானித்துவிட்டார். அவருடைய மனைவியார் மட்டும், "முயல் வளர்த்தவர்கள் இரண்டு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுங்கள்" என்றார். எங்கள் பிரயாணத்துக்குக் காரணம் அந்த அம்மாளின் வாக்குத்தான்.

மணலாறும் ஏரியும்

காஞ்சீபுரத்திலிருந்து உத்திரமேரூர் சுமார் 30 கிலோமீட்டர் தூரம். ஓரிக்கையைத் தாண்டினால் பாலாறு, மாகறலுக்கருகில் செய்யாறு. இரண்டும் பெயருக்கு ஆறு. வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் அவற்றில் மணல்தான் பெருகிக் கிடக்கிறது. ஆற்றை நம்பிப் பிழைக்க முடியாது என்று கண்டுகொண்ட நம் முன்னோர்கள் ஏரிகளை வெட்டினார்கள். பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரிகளின் ஜில்லா என்றே சொல்வதுண்டு. உத்திரமேரூர் ஏரிக்குக் கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் என்று பெயர். அது பல்லவர் காலத்து ஏரி. நாங்கள் போனபோது மழைக்காலம் கழிந்து ஏரிகள் பளபளவென்று நிறைந்திருந்தன. வயல்களில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது.

பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்தால், இந்தச் சீமையில் முயலுக்கு என்ன குறை என்றுதான் யாருக்கும் தோன்றும். வரப்பெல்லாம் அருகம்புல். வேலியெல்லாம் கல்யாண முருங்கை. கொல்லைக்குக் கொல்லை அகத்தியும் முருங்கையும். "பார்த்தீரா! தீவனம் சாலையோரத்தில் தானாக முளைத்துக் கிடக்கிறது!" என்றார் நண்பர். வாஸ்தவந்தான். ஆனால் கறி வாங்குகிறவர்களும் சாலையோரத்தில் தானாக முளைப்பார்களா என்பது அல்லவா கேள்வி?

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த முன் ஆசனத்துப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "முயலா? அந்தக் காலத்தில் நாங்கள் ராத்திரியில் வலை கட்டிப் பிடிப்போம். இப்போது பிடித்தால் முயலைக் கொண்டுபோகுமுன் நம்மைக் கொண்டுபோய்விடுவார்கள்" என்றார். அவர் சொன்னது சரியே. நம் புதர்க்காடுகளில் துள்ளி ஓடும் காட்டு முயல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. அதை வேட்டையாடுவது குற்றம். கூண்டில் வளர்க்கும் முயல் வேறு ஜாதி. அதன் பூர்வீகம் ஐரோப்பாவில் ஸ்பெயின் தேசத்துப் பக்கம். காட்டு முயலின் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ ரோமமின்றி, கண் மூடிச் சிவந்த சதைத் துண்டு போல் கிடக்கும். கண் திறக்கப் பத்து நாளாகும். இரண்டுக்கும் கலப்பே கிடையாது. ஆகையால், "வீட்டு முயலை வளர்ப்பதும் தப்பாமே?" என்று பயப்பட வேண்டியதில்லை. தப்பு வேறிடத்தில் இருக்கிறது.

காலிக் கூண்டு

நாங்கள் முதலில் பார்க்கப் போனது ஓர் இளைஞருடைய பண்ணையை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே கம்பிவலைக் கூண்டுகள் இரண்டு அடுக்காக வரிசை பிடித்து நின்றன. முயல் ஒன்றுகூட இல்லை. மூலைக் கூண்டில் ஒரு நாட்டுக் கோழி மட்டும் அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டு சிறிதும் கலங்காமல், இந்த இடம் தன்னுடையதே என்ற பாவனையில் ஒரு பார்வை பார்த்தது.

"தம்பி, முயல் குட்டி போடவில்லையா?" என்று நண்பர் கேட்டார்.

"போட்டது ஐயா! முயல் என்னை ஏமாற்றவில்லை. வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்தவன்தான் ஏமாற்றினான்" என்றார் இளைஞர்.

முதல் வருஷம் குட்டிகளைச் சொன்னபடி விலை கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குட்டிகள் எந்தக் கசாப்புக் கடைக்கும் போகவில்லை. அடுத்த ஊரில் புதிதாகச் சேர்ந்தவருக்கு "இன முயல்" என்று பல மடங்கு விலையில் போய்ச் சேர்ந்தன. அவருடைய குட்டிகள் அதற்கடுத்த ஊருக்குப் போயின. புதிது புதிதாக ஆள் சேரும் வரையில் எல்லோருக்கும் லாபம். ஆள் சேர்வது நின்ற அன்று தொலைபேசியை எடுப்பார் இல்லை. கூண்டில் மாத்திரம் முயல்கள் வஞ்சனையில்லாமல் பெருகிக்கொண்டிருந்தன. தீவனக் கடைக்காரர் பாக்கி கேட்டு நடையாய் நடந்தார்.

"கறிக்கே விற்றிருக்கலாமே?" என்றேன் நான்.

"எங்கே ஐயா விற்பது? ஆடு அறுத்தால் கூறு போட்ட பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். கோழி கேட்டு வாசலுக்கே வருகிறார்கள். முயலைத் தூக்கிக்கொண்டு போனால் வீட்டுக் குழந்தைகள், 'ஐயோ, பொம்மை மாதிரி இருக்கிறதே!' என்று அழுகின்றன. குழந்தை அழுதால் தாயார் வாங்குவாளா?"

சித்திரை வந்தது. தகரக் கூரையின் கீழ் மிஞ்சியிருந்தவை சுருண்டு விழுந்தன. கூண்டுக்கும் கொட்டகைக்கும் வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி அந்த இளைஞர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது நண்பரின் கை தம்மை அறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

காகித முயல்கள்

இந்த வித்தை உத்திரமேரூர்ச் சீமையில் பிறந்ததன்று. 1870-களின் ஆரம்பத்தில் ஜப்பான் தேசத்தில் டோக்கியோ நகரவாசிகளுக்கு முயல் பைத்தியம் பிடித்தது. அயல்நாட்டு முயல்களை வாங்குவதும் விற்பதும் பெரிய சூதாட்டமாயின. 1873-ஆம் ஆண்டில் அதிகாரிகள் முயல் ஒன்றுக்கு மாதம் ஒரு யென் வரி விதித்தார்கள். விலை மடமடவென்று சரிந்தது. 1900-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் "பெல்ஜிய முயல்" என்ற ஜாதிக்கு இதே யோகம் அடித்தது. ஒரு நல்ல முயல் நூற்றுக்கணக்கான டாலருக்கு விலை போயிற்று. வாங்கியவர்கள் எல்லோரும் விற்கத் தொடங்கியபோதுதான், சாப்பிடுகிறவர் யாரும் இல்லை என்பது தெரிய வந்தது. நம் ராஜ்யத்தில் அதே நாடகம் முயல் வேஷத்தை விட்டு ஈமு வேஷம் போட்டுக்கொண்டது. ஈரோடு ஜில்லா பெருந்துறையில் 2012-ஆம் ஆண்டு ஈமுப் பண்ணைத் திட்டங்கள் கவிழ்ந்தபோது, பணம் போட்டவர்கள் போலீசிடம் ஓடினார்கள். கேட்பாரற்றுப் பட்டினி கிடந்த பறவைகளுக்குச் சர்க்காரே இரை போட நேர்ந்தது.

பிராணி மாறுகிறது, தேசம் மாறுகிறது, கணக்கு ஒன்றேதான். 1202-ஆம் ஆண்டில் இத்தாலியில் பைசா நகரத்துப் பிபனாச்சி என்னும் கணித மேதை தம் புத்தகத்தில் ஒரு முயல் கணக்குப் போட்டார். ஒரு ஜோடி முயல் மாதந்தோறும் ஒரு ஜோடி ஈன்று, அந்தக் குட்டிகளும் இரண்டாம் மாதத்திலிருந்து ஈன்றுகொண்டே போனால், ஒரு வருஷத்தில் எத்தனை ஜோடி? 377 என்பது விடை. அருமையான கணக்குத்தான். ஆனால் பிபனாச்சியின் முயல்களுக்குச் சாவு கிடையாது; வெயில் கிடையாது; அவை தின்பதும் கிடையாது. அவர் எண்ணின் அழகைக் காட்டுவதற்காக அப்படி எழுதினார். நம் துண்டுக் காகிதக்காரர்களோ அதைக் காட்டிப் பணம் வசூலிக்கிறார்கள்.

வேப்ப மரத்தடியில்

அப்படியானால் முயல் வளர்ப்பதே மோசமா? இந்தக் கேள்விக்கு விடை இரண்டாவது வீட்டில் கிடைத்தது. புலால் உண்ணாத வாசகர்கள் முகம் சுளிக்காமல் இன்னும் கொஞ்சதூரம் கூட வரவேண்டும். ஒரு குடும்பத்தின் ஜீவனத்தைப் பற்றிய விஷயம் இது.

அந்த வீட்டின் பின்புறம் பெரிய வேப்ப மரம். அதன் நிழலில் தென்னங்கீற்றுக் கொட்டகை. நான்கு பெண் முயல், ஓர் ஆண் முயல். அவ்வளவுதான் பண்ணை. சாம்பல் நிறத்தில் இரண்டு சோவியத் சின்சில்லா; மற்றவை வெள்ளை. வீட்டுக்கார அம்மாள் நான்காண்டுகளாக வளர்த்து வருகிறார். எங்களை வரவேற்றதும் அவர் இட்ட முதல் கட்டளை, "மெதுவாய்ப் பேசுங்கள் ஐயா, ஒன்று ஈன்றிருக்கிறது" என்பதே. ஈன்ற முயல் கலவரப்பட்டால் தன் குட்டியைத் தானே கடித்துவிடுவதுண்டு.

அந்த அம்மாளிடம் கேட்டறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண் முயல் ஆறு மாதத்தில் இணை சேரத் தகுதியாகிறது. சினைக் காலம் சுமார் 31 நாள். ஈனும் சமயத்தில் தாய் தன் மார்பு ரோமத்தைப் பிடுங்கிப் பெட்டியில் மெத்தை பரப்பும். நாளுக்கு ஒரு தரம், சில நிமிஷம் மட்டுமே பாலூட்டும். இதை அறியாத புதியவர்கள், தாய் குட்டிகளைக் கைவிட்டுவிட்டதென்று பதறிப்போவார்கள். ஐந்தாறு வாரத்தில் குட்டியைப் பிரிக்கலாம். நல்ல தீவனமிருந்தால் மூன்று, மூன்றரை மாதத்தில் 2 கிலோ எடை வரும். உரித்தால் கறி அதில் பாதி. கொழுப்புக் குறைந்த வெள்ளைக் கறி.

இனி இடைஞ்சல்கள். முதலாவது சத்துரு வெயில். முயலுக்கு வியர்வை இல்லாததால், உடம்புச் சூடு பெரும்பாலும் அந்த நீண்ட காது வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் ஆண் முயல் தற்காலிகமாக மலடாகிவிடும். காஞ்சீபுரம் ஜில்லாவில் அக்கினி நட்சத்திரத்தின்போது வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. உதகமண்டலத்தை அடுத்த சாந்திநல்லாவிலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் முயலுக்கான ஆராய்ச்சி நிலையங்கள் குளிர்ந்த மலைமேல் இருப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும். நம் அம்மாள் பங்குனி பிறந்ததும் இணை சேர்ப்பதை நிறுத்திவிடுகிறார். கொட்டகையைச் சுற்றி ஈரச் சாக்குத் தொங்குகிறது. ஆவணியில்தான் மறுபடி ஆரம்பம். வருஷத்துக்கு நான்கு ஈற்று; ஆறு கிடையாது.

இரண்டாவது, வயிறு. பனி ஈரத்தோடு புல்லைப் போட்டால் கழிச்சல் காணும். காலையில் அறுத்த தழையை நிழலில் வாடவிட்டு மாலையில் போடுகிறார். வேலிமசால், அகத்தி, முருங்கை, காய்ந்த நிலக்கடலைக் கொடி, அவற்றோடு கொஞ்சம் அடர்தீவனம். குட்டிகளை வாரிக்கொண்டு போவது ரத்தக் கழிச்சல். கூண்டின் அடியில் சாணமும் மூத்திரமும் தேங்காமல் கூட்டினால் அது பெரும்பாலும் அண்டாது. காதில் சொறி கண்டால் உடனே பிரித்து வைத்து மருந்து போட வேண்டும். இவை தவிர பாம்பு, பூனை, எலி, தெருநாய் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது.

"இவ்வளவும் சரி அம்மா, யார் வாங்குகிறார்கள்?" என்றார் நண்பர்.

"பத்து வீடு இருக்கிறது ஐயா. முதலில் அந்தப் பத்து வீட்டைத் தேடிப் பிடித்தேன். அப்புறம்தான் முயலைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டுமென்றால் வியாழனே சொல்லிவிடுவார்கள். சொன்னதற்கு மேல் ஒன்றுகூட வளர்ப்பதில்லை. சாணம் கத்தரித் தோட்டத்துக்குப் போகிறது. பையன் படிப்புச் செலவுக்கு ஆகிறது. பங்களா கட்ட ஆகாது."

இப்படிச் சொல்லிவிட்டு, பையனுடைய பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். இணை சேர்த்த தேதி, ஈன்ற தேதி, பிழைத்த குட்டி, செத்த குட்டி, தீவனச் செலவு, விற்ற வரவு என்று கோணல் மாணலான கையெழுத்தில் நான்காண்டுச் சரித்திரமும் அதில் இருந்தது. செத்த குட்டிகளை மறைக்காமல் எழுதியிருந்ததே அந்தப் புத்தகத்தின் விசேஷம்.

கணக்குக் காட்டாதவர்

மாலையில் உத்திரமேரூர் நடுவே உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்குப் போனோம். பராந்தக சோழனுடைய 12-ஆம், 14-ஆம் ஆட்சி ஆண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், இவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடு இதன் கற்சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுபிள்ளை ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய சபைகளுக்கு ஆள் தேர்ந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதிதான். அதில் என் மனத்தை எப்போதும் கவர்வது வேறொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்தில் பெயரிடத் தகுதியற்றவன். அவன் மட்டுமல்ல, சிற்றன்னை பிள்ளை, பேரன்னை பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மாமனார் என்று அவனுடைய உறவினர் ஜாபிதா முழுவதுக்குமே தடை! கணக்குக் காட்டாதவனுக்கு அக்காலத்தில் அவ்வளவு மரியாதை.

அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு நண்பர் துண்டுக் காகிதத்தை விரித்தார். ஒரு யூனிட்டில் 7 பெண் முயல். ஈற்றுக்கு 8, ஆண்டுக்கு 6 ஈற்று என்றால் 336 குட்டி. இது காகிதக் கணக்கு. அம்மாளின் நோட்டுப் புத்தகக் கணக்கில், ஆண்டுக்கு 4 ஈற்று. ஈற்றுக்கு விற்பனைக்குத் தேறுவது 4. ஆக 112 முயல். மூன்றில் ஒரு பங்கு! முயலுக்கு ஒரு கிலோ கறி வீதம் 112 கிலோ. வாரத்துக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அவர் எடுக்க நினைத்தது ஐந்து யூனிட். வாரந்தோறும் பத்துக் கிலோவுக்கு மேல் முயல் கறி வாங்குகிறவர்களை அந்தச் சிற்றூரில் எங்கே தேடுவது? போதாததற்கு, உயிர் எடை ஒரு கிலோ ஏற மூன்று நான்கு கிலோ தீவனம் செல்லும். வேலித் தழையால் நான்கு முயலின் வயிறு நிரம்பும். முப்பத்தைந்து தாய்க்கும் அவற்றின் குட்டிகளுக்கும் தீவனத்தை மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கத்தான் வேண்டும். சிறிய அளவில் லாபமாக இருப்பது பெரிய அளவில் நஷ்டமாக மாறும் இடம் இதுதான்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "காகிதம் கொடுத்தவர் ஒரு கணக்கும் காட்டவில்லையே! செத்த குட்டி எத்தனை, சென்ற வருஷம் கறிக்கு விற்றது எத்தனை என்று ஒரு வரியும் இல்லை. இவரைப் பராந்தகன் காலத்தில் குடத்தின் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள்!" என்றார். மகளின் கல்யாணப் பணம் அன்று பிழைத்தது.

இப்போது அவர் கொல்லையில் மூன்று பெண் முயலும் ஓர் ஆணும் இருக்கின்றன. காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் விவரங்களைக் கேட்டறிந்த பின்னரே அவற்றை வாங்கினார். அந்தப் பல்கலைக்கழகம் 1989-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. குடியானவர்கள் தாராளமாகப் போய்க் கேட்கலாம். கேட்பதற்குத் தயங்குகிறவர்கள்தான் மோசக்காரர்களுக்கு எளிதில் அகப்படுகிறார்கள்.

கொல்லையில் நிழலும் தழையும் உள்ள குடும்பங்கள் முயல் வளர்க்கலாமா என்று கேட்டால், வளர்க்கலாம் என்றே சொல்வேன். ஆனால் நான்கு முயலோடு தொடங்குங்கள். ஒரு கோடையைப் பார்த்த பிறகே ஐந்தாவதை வாங்குங்கள். கடை வைத்துக் கறி விற்பதானால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளுங்கள். கடன் வாங்கிக் கூண்டு கட்டாதீர்கள். "நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்று ஒருவர் சொன்னால், "வாங்கி யாருக்கு விற்பீர்கள்?" என்று உடனே கேளுங்கள். "உண்கிறவர்களுக்கு" என்று சொன்னால், அவர்கள் இருக்கும் கடையையும் தெருவையும் காட்டச் சொல்லுங்கள். "உங்களைப் போல வளர்க்கிறவர்களுக்கு" என்று பதில் வந்தால், அந்த முயலுக்கு எத்தனை கால் என்று எண்ணிப் பார்க்கவும் வேண்டாம். நம் காலை எடுத்து வைத்து வீடு வந்து சேர்வதே உத்தமம்.